அனுப்பியாச்சுங்க

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அல்ல. பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக வேலை பார்ப்பவர்களுக்கு. இரவு எட்டு மணிக்கு மேல்தான் வகுப்பு, அதற்கு முன் கம்பெனி அவர்களை விடாது. சட்டையில் பஞ்சு ஒட்டியிருக்கும், பைக்குள் கலர் அப்ரூவலுக்குப் போக வேண்டிய துணித் துண்டு இருக்கும், போன் அடித்துக்கொண்டே இருக்கும். டெக்ஸ்டைல் டிப்ளமோ படித்தவர், பி.காம். முடித்தவர், செக்கிங் மேசையிலிருந்து ஆபீசுக்கு ஏறி வந்தவர் என்று கலந்த கூட்டம். நானும் பல வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்து மெயில் அடித்தவன். அவர்கள் எங்கே இடறுவார்கள் என்று தெரியும். எழுத்துப் பிழையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. சொற்களுக்கும் பஞ்சமில்லை, திருப்பூரில் துணி பற்றிய பேச்சில் பாதி ஆங்கிலம்தான். இடறுவது வினைச்சொல்லின் காலத்தில்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஹாம்பர்க்கிலோ லண்டனிலோ இருக்கும் பையர் ஒரு ஆர்டர் போடுகிறார். நூல் வாங்கி, நிட்டிங் ஓட்டி, சாயம் போட்டு, காம்பாக்டிங் செய்து, வெட்டி, தைத்து, செக் பண்ணி, அயர்ன் போட்டு, பெட்டியில் அடைப்பதுவரை ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தேதி உண்டு. அந்தத் தேதிகள் எல்லாம் அடங்கிய அட்டவணைக்கு டி அண்ட் ஏ என்று பெயர். மெர்ச்சண்டைசர் அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிங் மாஸ்டரிடம் தமிழில் சண்டை போட வேண்டும், பையரிடம் ஆங்கிலத்தில் நல்லபடியாகப் பேச வேண்டும். பையர் கட்டிங் மேசையைப் பார்ப்பதில்லை, சாயப் பட்டறைக்கு வருவதில்லை. அவருக்குக் கிடைப்பதெல்லாம் மெயிலில் வரும் வினைச்சொல்தான். அது இறந்த காலமா, நிகழ்காலமா, எதிர்காலமா என்பதை வைத்துத்தான் அவர் கடையில் விளம்பரத் தேதி வைப்பார், பணம் ஒதுக்குவார், சில சமயம் ஆர்டரையே ரத்து செய்வார்.

இதை வகுப்பில் சொன்னால் தலையாட்டுவார்கள். அதற்குள் யாருக்காவது போன் வரும். “சரக்கு என்னாச்சு?” என்று முதலாளி கேட்பது எனக்கே கேட்கும். “அனுப்பியாச்சுங்க!” என்பார் மாணவர். போனை வைத்ததும், “அனுப்பியாச்சா?” என்று கேட்பேன். “பேக்கிங் ஓடிட்டிருக்குதுங்க சார், நைட்டு லோடு ஏத்திருவோம்.”

இது பொய் அல்ல. இதைப் புரிந்துகொள்ளாதவர் தமிழருக்கு ஆங்கிலக் காலம் சொல்லித்தர முடியாது என்பது என் கட்சி. “எங்கே இருக்கே?” என்று கேட்டால், புஷ்பா தியேட்டர் பக்கம் நெரிசலில் நிற்கிறவன் “வந்துட்டேன்” என்கிறான். கேட்டவனும் ஏமாறுவதில்லை, இன்னும் கால் மணி நேரம் என்று கணக்குப் போட்டுக்கொள்கிறான். நம் இலக்கணத்தில் இதற்கு இடமே உண்டு. விரைவு காட்ட, வராத காலத்தை இறந்த காலத்தால் சொல்லலாம் என்று தொல்காப்பியம் வினையியலில் விதிக்கிறது. சாப்பிடப் போகிறவனை உடன் வருகிறவர்கள் அவசரப்படுத்தினால், இலையில் கை வைக்கும் முன்பே உண்டேன், வந்தேன் என்பான் என்று உரைகாரர்கள் எடுத்துக்காட்டும் தருகிறார்கள். நன்னூல் இதை விரித்து விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்று நான்கு காரணம் சொல்கிறது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போவதைப் பார்த்ததும் மழை பெய்தது என்று சொல்வது தெளிவு. பெய்யப் போகிறது என்பதில் அவ்வளவு உறுதி. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவருக்கு ஊர் பெருந்துறை பக்கத்துச் சீனாபுரம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அது சரியென்றால், எங்கள் ஊர்க்காரர் சொல்லும் “அனுப்பியாச்சுங்க”வுக்கு அனுமதிச் சீட்டு எழுதியவர் பக்கத்து ஊர்க்காரர்தான்.

ஆக, தமிழில் இறந்த காலம் பல நேரம் நடந்ததைச் சொல்வதில்லை. நடக்கும் என்ற உறுதியைச் சொல்கிறது. கேட்பவர் பக்கத்தில் இருக்கிறார், குரல் கேட்கிறது, ஆளைத் தெரியும். அதனால் சிக்கல் இல்லை. அதே உறுதியை “த குட்ஸ் ஹேவ் பீன் ஷிப்ட்” என்று மாற்றி எழுதினால், குரலும் ஆளும் கழன்று போய் நடந்து முடிந்த ஒரு செய்தி மட்டும் ஹாம்பர்க்கில் போய் இறங்குகிறது.

அந்தச் செய்திக்குக் காகித சாட்சி உண்டு என்பதுதான் இன்னொரு தொல்லை. எல்.சி. என்கிற வங்கிக் கடன் கடிதத்தின் பேரில் வியாபாரம் நடந்தால், வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கும். உலக வங்கிகள் இதற்குப் பின்பற்றும் விதித் தொகுப்பு யூ.சி.பி. 600. 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கப்பல் ரசீதான பில் ஆஃப் லேடிங்கில், சரக்கு கப்பலில் ஏற்றப்பட்டுவிட்டது என்பது தெரிய வேண்டும். “ரிசீவ்ட் ஃபார் ஷிப்மெண்ட்” என்று மட்டும் இருந்தால் போதாது. அது ஏற்றுவதற்காக வாங்கி வைத்திருக்கிறோம் என்பதுதான். “ஷிப்ட் ஆன் போர்டு” என்ற வாசகமும் தேதியும் வேண்டும். கடிதத்தில் வேறு கெடு சொல்லாவிட்டால், அந்தத் தேதியிலிருந்து 21 நாளுக்குள் காகிதங்களை வங்கியில் கொடுக்க வேண்டும். வினைச்சொல்லின் காலத்தைப் பார்த்துப் பணம் கொடுக்கும் இடம் வங்கி ஒன்றுதான்.

எங்கள் சரக்கு பெரும்பாலும் தூத்துக்குடி போகிறது. அங்கே ஏறும் கன்டெய்னர்கள் பல கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. லாரி கம்பெனி வாசலைத் தாண்டியதும் அனுப்பியாச்சு. சரக்கைக் கப்பலேற்றித் தரும் ஃபார்வர்டரின் கிடங்கில் இறங்கியதும் அனுப்பியாச்சு. கஸ்டம்ஸ் முடிந்ததும், கப்பல் ஏறியதும், கொழும்பு தாண்டியதும் எல்லாமே அனுப்பியாச்சுதான். அதனால் நான் வகுப்பில் ஒரு கட்டளை வைத்திருக்கிறேன். பில் ஆஃப் லேடிங் நகல் கைக்கு வரும்வரை “ஷிப்” என்ற வினையைத் தொடக்கூடாது. லாரி கிளம்பினால் “லெஃப்ட் அவர் ஃபேக்டரி” என்று எழுது. கிடங்கில் ஒப்படைத்தால் “ஹேண்டட் ஓவர் டு யுவர் ஃபார்வர்டர்” என்று எழுது. தேதியைப் பக்கத்தில் போடு. இலக்கணம் தெரியாதவர்கூட இதைப் பின்பற்றினால் பாதிச் சண்டை குறையும்.

முடிந்தது, முடிந்தும் இன்னும் தொடர்கிறது என்ற வேறுபாட்டை எங்கள் ஊர் ஒருமுறை மிகக் கசப்பாகப் படித்தது. 2011 ஜனவரி 28 அன்று, நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத நிலையை எட்டாத சாய ஆலைகளை மூடச் சொன்னது. எல்லாக் கம்பெனிகளிலிருந்தும் பையர்களுக்கு மெயில் பறந்தது. “மூடிட்டாங்க” என்ற ஒரே சொல்லைத்தான் நாங்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தோம். ஆங்கிலத்தில் சிலர் “வேர் க்ளோஸ்ட்” என்றார்கள், சிலர் “ஹேவ் பீன் க்ளோஸ்ட்” என்றார்கள். முதலாவதைப் படித்த ஒரு பையர், சரி, இப்போது திறந்துவிட்டார்களா, என் ஆர்டருக்கு எத்தனை நாள் தாமதம் என்று கேட்டு எழுதினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. “வேர் க்ளோஸ்ட்” என்றால் மூடியது என்றைக்கோ நடந்த சம்பவம், இன்றைய நிலை என்ன என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. “ஹேவ் பீன் க்ளோஸ்ட்” என்றால் மூடினார்கள், மூடியபடியே இருக்கிறது. கோரா துணியை வெளி மாநிலங்களுக்கு லாரியில் அனுப்பிச் சாயம் போட்டு வாங்கிய அந்த மாதங்களில், ஒவ்வொரு மெயிலிலும் இந்த “ஹேவ் பீன்” தேவைப்பட்டது. பிரசன்ட் பெர்ஃபெக்ட் பற்றிக் கேட்கும் யாருக்கும் இன்றுவரை நான் இந்த வாக்கியத்தைத்தான் சொல்கிறேன். புத்தகத்தில் இருக்கும் ராமன் மாம்பழம் தின்ற கதை இதற்கு உதவாது.

புத்தகம் என்றதும் ரென் அண்ட் மார்ட்டின் ஞாபகம் வருகிறது. நம் ஊரில் ஆங்கில இலக்கணம் என்றாலே அந்தச் சிவப்பு அட்டைதான். அந்த பி.சி. ரென், பம்பாய்ப் பக்கம் கல்வித் துறையில் வேலை பார்த்தவர், பிரெஞ்சு அந்நியப் படையை வைத்து 1924இல் பியூ ஜெஸ்ட் என்ற சாகச நாவல் எழுதிப் பெயர் வாங்கியவர். பாலைவனக் கோட்டையில் பிணங்களைக் காவலுக்கு நிறுத்தி வைக்கும் கதையை எழுதியவரா “ஹி ஈட்ஸ், ஹி இஸ் ஈட்டிங்” என்று நம்மை உட்கார வைத்தார் என்று எனக்கு ஆச்சரியம் தீர்ந்ததே இல்லை. அவர் வழியில் வந்ததுதான் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்களின் சுவரில் தொங்கும் பன்னிரண்டு கட்ட அட்டவணை. மூன்று காலம், ஒவ்வொன்றிலும் நான்கு வகை. மாணவர்கள் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள். மெயில் எழுத உட்கார்ந்தால் எந்தக் கட்டம் என்று தெரியாது. ராண்டால்ஃப் குவர்க் குழுவினர் 1985இல் வெளியிட்ட பெரிய இலக்கண நூலைக் கேட்டால், உருவத்தை வைத்துப் பார்க்கையில் ஆங்கிலத்துக்கு இருப்பது இரண்டே காலம், எதிர்காலத்துக்கென்று தனி விகுதி கிடையாது என்கிறது. தமிழிலும் சங்கப் பாடல்களில் கின்று, கிறு போன்ற நிகழ்கால இடைநிலைகள் மிக அரிது, பின்னால்தான் பெருகின. எந்த மொழியிலும் காலத்தைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். வகுப்பில் சொல்வதில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பசியோடு இருப்பவர்களிடம் குவர்க்கைப் பற்றிப் பேசினால் அடுத்த நாள் வர மாட்டார்கள்.

நான் சுவரில் அட்டவணை மாட்டவில்லை. டி அண்ட் ஏ தாளைத்தான் மாட்டியிருக்கிறேன். இன்றைய தேதியில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் முடிந்த வேலை, வலப்பக்கம் வர வேண்டிய வேலை, கோட்டின் மேல் நிற்பது ஓடிக்கொண்டிருக்கும் வேலை. எந்த வினைக்கு எந்தக் காலம் என்று தாளே சொல்லும்.

தாள் சொல்லாத இடங்களும் உண்டு. எங்கள் ஊர்க் கம்பெனிகளின் அறிமுகத் தாளைப் பாருங்கள், “வி ஆர் எக்ஸ்போர்ட்டிங் சின்ஸ்” என்று போட்டு ஒரு வருடம் இருக்கும். தொண்ணூறுகளிலிருந்து ஏற்றுமதி செய்கிறோம் என்று தமிழில் நிகழ்காலம் போட்டால் சரி. ஆங்கிலம் அங்கே “ஹேவ் பீன்” கேட்கிறது. இது காதுக்கு உறுத்தும், காசுக்கு நஷ்டமில்லை. அதே போல “அவர் ஃபேக்டரி வில் ஸ்டார்ட் அட் எய்ட் தர்ட்டி.” எட்டரைக்கு ஆரம்பிக்கும் என்ற தமிழ் எதிர்காலம் வழக்கத்தைச் சொல்வது. அதைப் படிக்கும் வெள்ளைக்காரர் ஃபேக்டரி இன்னும் திறக்கவே இல்லையோ என்று நினைப்பார்.

நஷ்டம் வரும் இடம் வேறு. சாம்பிள் அனுப்பிவிட்டு எழுதுவார்கள்: “ஆஃப்டர் யூ அப்ரூவ்ட், வி வில் ஸ்டார்ட் பல்க்.” நீங்க அப்ரூவ் பண்ணின பிறகு பல்க், அதாவது மொத்த உற்பத்தி, ஆரம்பிப்போம் என்பதன் நேர் அச்சு. தமிழில் பிறகு, உடனே, அப்புறம் எல்லாம் இறந்த காலப் பெயரெச்சத்தோடுதான் வரும். வந்த பிறகு, சொன்ன உடனே. நாளைக்கு வரப் போவதையும் வந்த பிறகு என்றுதான் சொல்கிறோம். “வந்தால்” என்பதிலும் அதே இறந்த காலத் தகரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக மாணவர் இறந்த காலம் எழுதுவது அறியாமையால் அல்ல, நல்ல தமிழால். ஆனால் பையர் படிக்கும்போது, நான் எப்போது அப்ரூவ் செய்தேன் என்று பதறுகிறார். கலரை மாற்றச் சொல்லி ஒரு பக்கத்துக்குக் குறை எழுதி வைத்திருப்பார். பல்க் ஓட ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து மேலதிகாரியைச் சேர்த்து பதில் போடுவார். இந்தப் பக்கம் ஒரு மீட்டர்கூட வெட்டியிருக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் ஆஃப்டர், வென், அண்டில், இஃப் இவற்றுக்குப் பின்னால் எதிர்காலத்தைச் சாதாரண நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும். “ஆஃப்டர் யூ அப்ரூவ்.” சரி செய்ய வேண்டியது ஒரே ஒரு எழுத்து. அதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறேன். பழைய மெயில்களைக் கொண்டுவரச் சொல்லி, பெயர்களை அடித்துவிட்டு, அந்த ஒரு எழுத்தை மட்டும் தேட வைக்கிறேன்.

“வி ஹேட் சென்ட்” என்பதும் எங்கள் ஊர்ச் சொத்து. முந்தாநாள் அனுப்பியிருந்தோமே, பார்க்கலையா என்ற மரியாதையான நினைவூட்டல் அது. “அனுப்பினோம்” என்றால் முகத்திலடித்த மாதிரி இருக்கும் என்று ஒரு மாணவி எனக்கே பாடம் எடுத்தார். ஆங்கிலத்தில் அந்த “ஹேட்” வந்தால் அடுத்து இன்னொரு சம்பவம் வர வேண்டும். அனுப்பியிருந்தீர்கள், பிறகு என்ன, திரும்பி வந்துவிட்டதா?

இதற்கெல்லாம் நடுவே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எங்களுக்கு வரும் ஆங்கிலத்தில் பெரும்பகுதி ஆங்கிலேயர் எழுதியது அல்ல. ஜெர்மன் பையர் “வி ஹேவ் ரிசீவ்ட் த சாம்பிள் எஸ்டர்டே” என்று எழுதுவார். ஜெர்மன் மொழியில் நேற்று நடந்ததையும் “ஹேவ்” போட்டுச் சொல்வது வழக்கம். பிரெஞ்சிலும் அப்படியே. அதே ஜெர்மன்காரர் “ஐ வில் செண்ட் யூ டுமாரோ”வுக்குப் பதில் “ஐ செண்ட் யூ டுமாரோ” என்று நிகழ்காலத்தில் நாளையைச் சொல்வார், அதுவும் ஜெர்மன் பழக்கம். அமெரிக்கர் “டிட் யூ ஷிப் ஆல்ரெடி?” என்பார், அதே கேள்வியை லண்டன்காரர் “ஹேவ் யூ ஷிப்ட் யெட்?” என்பார், இரண்டும் சரி. மாணவர்கள் வந்து, “சார், நீங்க எஸ்டர்டே வந்தா ஹேவ் போடக்கூடாதுன்னீங்க, பையரே போட்டிருக்காருங்க” என்று நீட்டுவார்கள். பையர் போட்டால் போடட்டும், அவருக்குப் பணம் கொடுக்கும் உரிமை இருக்கிறது, நமக்கு இல்லை என்பேன். சிரிப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் நியாயம் இருக்கிறது. இரண்டு பக்கமும் இரவல் மொழியில் பேசும்போது, தேதி போடுவது ஒன்றுதான் இருவரையும் காப்பாற்றும்.

லண்டன்காரர்களின் இறந்த காலம் தனி ரகம். “ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்” என்று ஒருவர் எழுதினால் அவர் நேற்று யோசித்ததைச் சொல்லவில்லை, இப்போதே வேலையைக் கேட்கிறார். “வி ஹேட் ஹோப்ட் டு ரிசீவ் த சாம்பிள் பை ஃப்ரைடே” என்று வந்தால் நம்பிக்கையாம் என்று மகிழக் கூடாது. ஆள் கடுங்கோபத்தில் இருக்கிறார். கோபத்தைக் காலத்தைத் தள்ளிப் போட்டுக் காட்டுகிறார்கள். நாம் விரைவுக்கு இறந்த காலத்தைப் பிடித்தால் அவர்கள் தணிவுக்குப் பிடிக்கிறார்கள்.

2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது, வகுப்புக்கு வந்தவர்கள் தங்கள் மெயிலைக் கொண்டுவரவில்லை, பையரின் மெயிலைக் கொண்டுவந்தார்கள். “ஆர் ரிவ்யூயிங்” என்றால் ஆர்டர் இருக்கிறதா இல்லையா? “ஹேஸ் பீன் புட் ஆன் ஹோல்டு” என்றால் துணி வெட்டலாமா? “வுட் நீட் டு” என்றால் தள்ளுபடி கேட்கிறாரா? அந்த வாரங்களில் நான் இலக்கணம் நடத்தவில்லை, ஜாதகம் பார்த்தேன். “ஆர் ரிவ்யூயிங்” என்றால் இன்னும் பேச இடம் இருக்கிறது, இன்றைக்கே பதில் போடு. “ஹேஸ் பீன்” வந்துவிட்டால் அங்கே மேலே எவரோ முடிவெடுத்துவிட்டார், கட்டிங் மாஸ்டரிடம் சொல்லி நிறுத்து. நூல் வாங்கிப் போட்டவருக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெறும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது பாதிப் பேர் மெயிலைத் தாங்களே எழுதுவதில்லை. போனில் தமிழில் சொல்கிறார்கள், அது வழுவழுவென்று ஆங்கிலமாக்கித் தருகிறது. “சின்ஸ்” பிழை போயிற்று, “வில்” பிழை போயிற்று. என் பிழைப்பும் போய்விடும் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். போகவில்லை. “அனுப்பியாச்சு” என்று சொன்னால் அது ஒரு பிழையுமின்றி “ஹேவ் பீன் டிஸ்பேட்ச்ட்” என்று எழுதிவிடுகிறது. பேக்கிங் ஓடுவது அதற்கு எப்படித் தெரியும்? முன்பெல்லாம் உடைந்த ஆங்கிலத்தைப் பார்த்துப் பையருக்கே ஒரு சந்தேகம் வரும், திரும்பக் கேட்பார். இப்போது வாக்கியம் அவ்வளவு திருத்தமாக இருப்பதால் அப்படியே நம்பிவிடுகிறார்.

அதனால் வகுப்பு மாறிவிட்டது. எழுதுவது குறைவு, விசாரிப்பது அதிகம். ஒவ்வொரு வினைக்கும் மேல் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று பென்சிலில் குறிக்க வேண்டும். போன வாரம் ஒரு பெண் போன் தந்த மெயிலில் அந்த “டிஸ்பேட்ச்ட்”டைச் சுழித்துவிட்டு, வகுப்பிலிருந்தே பேக்கிங் செக்‌ஷனைக் கூப்பிட்டார்.

“அண்ணா, பேக்கிங் முடிஞ்சுதுங்களா?”

“முடிஞ்சுது அம்மிணி.”

“முடிஞ்சுதுங்களா, முடியப் போவுதுங்களா?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் டேப் ஒட்டும் சத்தம். “இன்னொரு நாப்பது பெட்டி கெடக்குது. லாரி காலையிலதான் வருது.”

அவர் “வில் லீவ் அவர் ஃபேக்டரி டுமாரோ மார்னிங்” என்று திருத்தி, தேதி போட்டு அனுப்பினார். பையரிடமிருந்து வந்த பதில் “ஓகே, நோட்டட்.” அதில் என்ன காலம் என்று பின் வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.